கண்டென்சர் மாற்றியும் போகாத ஹம்: வால்வு ரேடியோவில் அது எந்த வழியாக வருகிறது?

பழைய வால்வு ரேடியோவை எடுத்துத் தூசி தட்டி மின்சாரம் கொடுத்தால், அரை நிமிடத்தில் நிலையம் வருகிறதோ இல்லையோ, 'ம்ம்ம்' என்று உறுமல் வந்துவிடும். இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்று. பல செட்டுகளில் இது பலிக்கவும் செய்யும். பலிக்காத செட்டில்தான் தொல்லை. கண்டென்சர், அடுத்து ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர், அடுத்து ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஹம் அசையாது. சில செட்டுகளில் முன்னைவிடக் கூடியும் விடும்.

ஹம் என்பது ஒரே கோளாறின் பெயர் அல்ல என்பதுதான் காரணம். ரிப்பிள் (டி.சி.யில் மிஞ்சி நிற்கும் ஏ.சி. அலை), ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) கசிவு, தவறான இடத்தில் கொடுத்த எர்த், காந்தப்புலம், அறுந்த ஷீல்டு, ரேடியோ அலையோடு சேர்ந்து வரும் ஹம் என்று வழிகள் பல. எல்லாம் காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். ஆனால் வந்த வழி எது என்பதைச் செட்டே சொல்லிவிடும். சோல்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மலிவான வேலை.

அதற்கும் முன்னால் உயிர்ப் பாதுகாப்பு. ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில் 250 முதல் 350 வோல்ட் வரை டி.சி. ஓடும். ஆஃப் செய்த பிறகும் அது கண்டென்சரில் தங்கியிருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கம்பிகளோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்டென்சரையும் அதன் வழியே வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டில் உள் நெகட்டிவ் லைன் மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். பல செட்டுகளில் அந்த லைன், பார்ட்டுகளைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸேதான். ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் திறந்து வேலை செய்யக் கூடாது. ஆஸிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அதில் மாட்டினால் ஃபியூஸோ ஸ்கோப்போ இரண்டில் ஒன்று போகும். பல வருடம் சும்மா கிடந்த செட்டுக்கு, 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின்ஸில் சீரியஸாகப் போட்டு முதல் மின்சாரம் கொடுப்பது நல்லது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்காமலே இருந்தால் உள்ளே ஷார்ட். அந்த நிலையில் ஹம்மைத் தேடுவதில் பொருளில்லை.

செட்டிடம் கேட்க வேண்டியவை

ஸ்பீக்கரில்தான் ஹம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் தளர்ந்து அதிர்ந்தாலும் அதே உறுமல் கேட்கும், மரப்பெட்டி அதைப் பெருக்கியும் காட்டும். ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை ட்ரான்ஸ்ஃபார்மர் மேலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்தால் தெரிந்துவிடும். அப்படியானால் போல்ட்டை இறுக்கி, அடியில் ரப்பர் வாஷர் போட்டால் பெரும்பாலும் முடிந்தது. சுமை அதிகமாகி ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாவதாலும் இந்த அதிர்வு வரலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்து, சுருதி. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ஓடும் முழு அலை ரெக்டிஃபையர் செட்டில் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸாக இருக்கும். ஹீட்டர் வழியாகவோ காந்தப்புலம் வழியாகவோ வருவது 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் உள்ள நாடுகளில் இவை 120, 60. கைபேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, 50, 100 இரண்டையும் மாற்றி மாற்றி ஹெட்ஃபோனில் கேட்டு ஒப்பிடலாம். கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது, அதனால் ஹெட்ஃபோன் அவசியம். ரேடியோவின் சிறிய ஸ்பீக்கரும் 50 ஹெர்ட்ஸைச் சரியாகத் தராது. அதன் மடங்குகள்தான் கேட்கும். அதனால் சுருதியோடு தன்மையையும் கவனிக்க வேண்டும். ரிப்பிள் என்றால் 'ர்ர்ர்' என்று கரகரப்பாக இருக்கும், ஏனென்றால் அந்த அலை ரம்பப் பல் வடிவம். ஹீட்டரிலிருந்து வருவது வழவழப்பான 'ம்ம்ம்'. அரை அலை ரெக்டிஃபையர் கொண்ட ஏ.சி./டி.சி. செட்டில் மட்டும் இந்தச் சோதனை பயன்படாது: அங்கே ரிப்பிளும் 50 ஹெர்ட்ஸ்தான்.

மூன்றாவது, வால்யூம் கன்ட்ரோல். அதைத் திருப்பும்போது ஹம் கூடிக் குறைந்தால், கோளாறு கன்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது, அல்லது கன்ட்ரோலிலும் அதன் வயரிங்கிலும் இருக்கிறது. திருப்பியும் மாறாவிட்டால் அதற்குப் பின்னால்: முதல் ஆடியோ வால்வு, அவுட்புட் வால்வு, பவர் சப்ளை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கன்ட்ரோலை நடுவில் வைத்தால் ஹம் குறைந்து, இரு பக்கம் திருப்பினாலும் கூடினால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி இரண்டு ஹம்கள் உள்ளே வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று பொருள். இத்தகைய செட்டில் ஒரு கோளாறைச் சரிசெய்ததும் மொத்த ஹம் கூடிவிடும். செய்த வேலை தவறு என்று நினைத்துப் பழைய பார்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. மீதி இருக்கும் இன்னொன்றைத் தேட வேண்டும்.

கடைசியாக, நிலையம் பிடிக்கும்போது மட்டும் ஹம் வருகிறதா, நிலையங்களுக்கு நடுவில் மறைந்துவிடுகிறதா என்று பாருங்கள். அது வேறு ரகம். அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

ரிப்பிளின் கணக்கு

வால்யூமைக் குறைத்தாலும் போகாத, கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் பவர் சப்ளைதான் முதல் குற்றவாளி. அங்கே எவ்வளவு ரிப்பிள் இருக்க வேண்டும் என்று தெரியாமல் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதில் பயனில்லை. கணக்கு சுலபம்: கரண்ட்டை, ரிப்பிள் அதிர்வெண்ணும் கொள்ளளவும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். செட் 60 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, முதல் கண்டென்சர் 16 மைக்ரோஃபாரட் என்றால், உச்சிக்கு உச்சி 37 வோல்ட் சொச்சம். மீட்டரின் ஏ.சி. ரேஞ்சில் இது சுமார் 10 வோல்ட் காட்டும். கண்டென்சர் இடைவிடாமல் வடிந்துகொண்டே இருப்பதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். அதாவது முதல் கண்டென்சரில் 7, 8 வோல்ட் ரிப்பிள் என்பது நோய் அல்ல, வடிவமைப்பே அப்படித்தான். அதே கண்டென்சர் காய்ந்து 8 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் ரிப்பிள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

மிச்ச வேலையைச் செய்வது சோக்கும் (ரிப்பிளைத் தடுக்கும் கம்பிச் சுருள்) இரண்டாம் கண்டென்சரும். 10 ஹென்றி சோக் 100 ஹெர்ட்ஸில் 6,280 ஓம் தடை தரும். 16 மைக்ரோஃபாரட் கண்டென்சர் அதே இடத்தில் 100 ஓம். ஆக 10 வோல்ட் ரிப்பிள் அறுபதில் ஒரு பங்காகி 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். சோக் இல்லாமல் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்த செட்டில் பன்னிரண்டில் ஒரு பங்காகத்தான் குறையும், 0.8 வோல்ட் மிஞ்சும். சோக் வைத்த செட்டைவிட ரெசிஸ்டர் வைத்த செட் கொஞ்சம் அதிகமாக உறுமுவது அதனால்தான். அரை அலை செட்டில் அதிர்வெண் பாதி என்பதால் ரிப்பிள் இரட்டிப்பு, வடிகட்டலும் பாதி. அவற்றில் 40, 50 மைக்ரோஃபாரட் போட்டிருப்பதன் காரணம் அது.

அளக்கும்போது மீட்டருக்கு முன்னால் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டென்சரைச் சீரியஸாகப் போடுங்கள். ஏ.சி. ரேஞ்சில் டி.சி.யையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும் மீட்டர்கள் இருக்கின்றன.

எந்தக் கண்டென்சர் போயிருக்கிறது என்பதற்கு டி.சி. வோல்ட்டேஜே நல்ல குறிப்பு. முதல் கண்டென்சர் காய்ந்தால் ஹெச்.டி. வோல்ட்டேஜ் (வால்வுகளுக்குப் போகும் உயர் டி.சி.) தெளிவாகக் குறையும், ஒலியும் சோர்ந்துவிடும். இரண்டாவது காய்ந்தால் வோல்ட்டேஜ் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். ஆனால் ஹம்மோடு விசிலோ, 'டுப் டுப்' என்று படகு எஞ்சின் ஓடுவது போன்ற ஓசையோ வரும், ஏனென்றால் எல்லா வால்வுகளும் அந்தக் கண்டென்சரைத்தான் பொதுவான தளமாக நம்பியிருக்கின்றன.

சந்தேகமுள்ள கண்டென்சருக்கு இணையாக நல்லது ஒன்றை மாட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். செட்டை ஆஃப் செய்து, வடியவிட்டு, துருவம் பார்த்துக் கிளிப் போட்டு, பிறகு ஆன் செய்ய வேண்டும். ஓடும்போது தொட்டுப் பார்க்கும் பழக்கம் தீப்பொறியைத் தரும், ரெக்டிஃபையரையும் அடிக்கும். ஹம் போனால் கண்டென்சர் காய்ந்தது உறுதி. போகாவிட்டால் கண்டென்சர் நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது. அது காய்ந்திருக்காமல் லீக் ஆகலாம். லீக் ஆகும் கண்டென்சருக்கு இணையாக எதை மாட்டினாலும் லீக் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒரே டப்பாவுக்குள் இரண்டு மூன்று பகுதிகள் உள்ள வகையில் பகுதிகளுக்கு இடையிலும் லீக் ஏற்படும். அப்போது முதல் பகுதியின் ரிப்பிள் சோக்கைச் சுற்றிக்கொண்டு நேராக இரண்டாம் பகுதிக்குப் போய்விடும். பழையதைக் கழற்றிவிட்டு மாட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

புதிதாகப் போடும்போது 8-க்கு 10, 16-க்கு 22, 32-க்கு 33 என்று பக்கத்து மதிப்பு போதும். 100 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். வால்வு ரெக்டிஃபையருக்கு முதல் கண்டென்சரில் உச்ச வரம்பு உண்டு. 5ஒய்3, 80 போன்றவற்றை 10 முதல் 20 மைக்ரோஃபாரட்டோடு நிறுத்துவது நல்லது. ஈ.இசட்.80, ஈ.இசட்.81 இரண்டுக்கும் 50 வரை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் குறுகிய நேரத்தில் பெரிய கரண்ட் பாய்ந்து, எலக்ட்ரான்களை விடும் கேத்தோடின் பூச்சு உதிரும், ட்ரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். மேலும் ரிப்பிளைக் குறைக்க வேண்டுமானால் இரண்டாம் கண்டென்சரைக் கூட்டுங்கள். அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை. வோல்ட்டேஜ் ரேட்டிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300-0-300 ட்ரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 424 வோல்ட். நேரடி ஹீட்டர் வகை ரெக்டிஃபையர் சில வினாடிகளில் தயாராகிவிடும், மற்ற வால்வுகள் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சுமையே இல்லாமல் வோல்ட்டேஜ் உச்சம்வரை ஏறும். 450 வோல்ட் போடுவது அதற்காக.

முழு அலை செட்டில், வால்யூமால் மாறாத ஹம் 50 ஹெர்ட்ஸாகக் கேட்டு, ஹெச்.டி.யும் குறைந்திருந்தால் கண்டென்சரை விட்டுவிட்டு ரெக்டிஃபையரைப் பாருங்கள். இரண்டு ஆனோடுகளில் (எலக்ட்ரான்களை வாங்கும் முனைகள்) ஒன்று செயலிழந்து, செட் அரை அலையில் ஓடிக்கொண்டிருக்கலாம். வால்வு சாக்கெட்டில் இரண்டு ஆனோடு முனைகளிலும் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றின் நடு முனையான சென்டர் டேப்புக்கு எதிரே ஏ.சி. அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் வால்வு கெட்டது. ஒன்று இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மரின் பாதிச் சுற்று அறுந்தது, அல்லது ஆனோடுக்குப் போகும் ரெசிஸ்டர் திறந்தது.

நெகட்டிவ் எங்கே போகிறது?

எல்லாக் கண்டென்சரையும் மாற்றிய பிறகு ஹம் கூடிவிட்டது என்ற புகாருக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கும்.

பல செட்டுகளில் ட்ரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் நேராகச் சேசிஸுக்குப் போகாது. நடுவில் சில பத்து முதல் சில நூறு ஓம் வரை ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். செட்டின் மொத்தக் கரண்ட்டும் அதன் வழியே திரும்புவதால் அங்கே சில வோல்ட் நெகட்டிவ் கிடைக்கும். அதை அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் வலை முனை) பயாஸாக, அதாவது நிலையான நெகட்டிவ் வோல்ட்டேஜாகக் கொடுப்பார்கள். முதல் கண்டென்சரின் நெகட்டிவ் இந்த ரெசிஸ்டரின் சென்டர் டேப் பக்கத்தில் சேர வேண்டும், சேசிஸில் அல்ல. பழைய உலோக டப்பா கண்டென்சருக்கு அடியில் ஃபைபர் வாஷர் போட்டுச் சேசிஸிலிருந்து பிரித்திருந்தால் அதுதான் அடையாளம். இதைக் கவனிக்காமல் புதிய கண்டென்சரின் நெகட்டிவைப் பக்கத்தில் இருக்கும் சேசிஸ் லக்கில் சோல்டர் செய்துவிட்டால், கண்டென்சரை நிரப்பும் கரண்ட் துடிப்பு முழுவதும் பயாஸ் ரெசிஸ்டர் வழியாகப் பாயும். 60 மில்லி ஆம்பியர் சராசரிக்கு அந்தத் துடிப்பின் உச்சம் அதைப்போல் பல மடங்கு. அது நேராக அவுட்புட் கிரிட்டில் போய் நிற்கும். புதிய கண்டென்சர், நல்ல கண்டென்சர், ஆனாலும் ஊரைக் கூட்டும் உறுமல். டப்பாவைக் கழற்றும் முன் அதன் ஒவ்வொரு முனையும் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொண்டால் இந்த வம்பே வராது.

பயாஸ் ரெசிஸ்டர் இல்லாத செட்டிலும் இதே தத்துவம் சின்ன அளவில் வேலை செய்யும். முதல் கண்டென்சரின் நெகட்டிவும் ட்ரான்ஸ்ஃபார்மர் சென்டர் டேப்பும் ஒரே லக்கில் சேர வேண்டும். கண்டென்சரைச் சேசிஸின் மறு கோடியில், முதல் ஆடியோ வால்வின் எர்த் லக்கில் சேர்த்தால் நிரப்புத் துடிப்பு அந்தத் தகட்டின் வழியே ஓடி, வால்வின் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் சில மில்லிவோல்ட்டை உண்டாக்கும். முதல் ஆடியோ கட்டத்துக்குச் சில மில்லிவோல்ட் என்பது கேட்கும் அளவு.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே வைத்த எதிர் ஹம். ஃபீல்டு காயில் ஸ்பீக்கர் (நிலைக் காந்தத்துக்குப் பதில் மின்காந்தச் சுருள் உள்ளது) வைத்த செட்டில் அந்தக் காயிலே சோக்காகவும் வேலை செய்யும். அதில் ஓடும் ரிப்பிள் கோனை அசைக்காமல் இருக்க, வாய்ஸ் காயிலோடு சீரியஸாகச் சில சுற்றுகளை எதிர்த் திசையில் சுற்றி வைத்திருப்பார்கள். கோன் மாற்றும்போது இந்தச் சிறிய காயிலின் கம்பிகள் தலைகீழாகிவிட்டால் எதிர்க்க வேண்டியது கூட்டிக் கொடுக்கும். இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் போதும். சில ஐரோப்பியச் செட்டுகளில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் ஒரு டேப் இருக்கும். ஹெச்.டி. அந்த டேப்பில் நுழைந்து, ஒரு பக்கம் அவுட்புட் வால்வுக்கும், சிறிய பக்கம் மற்ற வால்வுகளுக்கும் பிரிந்து போகும். இரண்டு பக்கத்து ரிப்பிளும் எதிரெதிராகக் காந்தமாக்கி அழிந்துவிடும். அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்து, டேப் இல்லாத சாதாரணமானதைப் போட்டால் செட் உறுமும். எந்தக் கண்டென்சரும் பழுதாகியிருக்காது.

பென்டோடு (ஐந்து மின்முனை கொண்ட) அவுட்புட் வால்வில் இன்னொரு நுணுக்கம். ஆனோடில் ரிப்பிள் இருந்தாலும் ஸ்பீக்கரில் அதிகம் கேட்காது. பென்டோடின் உள் தடை அவ்வளவு பெரியது. ஸ்கிரீன் கிரிட்டில் இருந்தால் நன்றாகக் கேட்கும். ஆனோடை முதல் கண்டென்சரிலிருந்தும் ஸ்கிரீனை இரண்டாவதிலிருந்தும் எடுத்திருப்பது சிக்கனத்துக்காகச் செய்த தந்திரம், தவறு அல்ல. ஸ்கிரீன் கம்பி இடம் மாறி முதல் கண்டென்சருக்குப் போயிருந்தால் அதைத்தான் திருத்த வேண்டும்.

கிரிட் கிரிட்டாகப் பின்னோக்கி

பவர் சப்ளை நன்றாக இருக்கிறது, ஹம் மட்டும் போகவில்லை. இப்போது 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டென்சர் ஒன்றில் இரண்டு கிளிப் கம்பிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை நெகட்டிவ் லைனில் மாட்டிவிட்டு, மறுமுனையை முதலில் அவுட்புட் வால்வின் கிரிட்டில் மாட்டிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் செட்டை ஆஃப் செய்து மாட்டுவது நல்லது. ஏ.சி./டி.சி. செட்டில் உள் நெகட்டிவ் லைன் சேசிஸோடு சேராமல் தனியாக ஓடலாம், அதைப் பார்த்து மாட்ட வேண்டும். ஹம் போகாவிட்டால் அவுட்புட் கட்டத்திலோ சப்ளையிலோதான் கோளாறு, மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். போய்விட்டால் முதல் ஆடியோ வால்வின் கிரிட்டுக்கு நகருங்கள். அங்கே மாட்டியும் ஹம் இருந்தால் அந்த வால்வு, அதன் கேத்தோடு, அதன் ஆனோடுக்கு வரும் சப்ளை என்று பார்க்க வேண்டும். அங்கே மாட்டியதும் போய்விட்டால் கிரிட்டுக்கு வரும் வயரிங், வால்யூம் கன்ட்ரோல், அதற்கு முன்னால் உள்ளவை.

வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது இதற்கு மாற்று வழி என்பார்கள். ஹீட்டர்கள் இணையாக உள்ள செட்டில் மட்டுமே அது நடக்கும். சீரியஸ் ஹீட்டர் செட்டில் ஒன்றைப் பிடுங்கினால் எல்லாம் அணைந்துவிடும்.

முதல் ஆடியோ கட்டம் இவ்வளவு எளிதில் ஹம்மைப் பிடிப்பதற்குக் காரணம் கிரிட் லீக் ரெசிஸ்டர். பல செட்டுகளில் அது 10 மெகா ஓம். சாக்கெட்டில் ஹீட்டர் முனைக்கும் கிரிட் முனைக்கும் நடுவில் ஒரே ஒரு பிக்கோஃபாரட் இருந்தாலும், 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 3,180 மெகா ஓம். 6.3 வோல்ட் ஹீட்டரிலிருந்து அதன் வழியே 10 மெகா ஓமில் சேர்வது 20 மில்லிவோல்ட். இதை ஐம்பது மடங்கு பெருக்கினால் அவுட்புட் கிரிட்டில் 1 வோல்ட்! நல்ல நிலையில் உள்ள செட்டில் இது ஏன் கேட்பதில்லை? கிரிட்டிலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகிறது. வால்யூமைக் குறைத்து வைத்தால் அந்தக் கன்ட்ரோல் எர்த்தோடு சேர்ந்திருப்பதால், 20 மில்லிவோல்ட் அரை மில்லிவோல்ட் சொச்சமாக அடங்கிவிடுகிறது. அந்தக் கண்டென்சர் திறந்துகொண்டாலோ, கன்ட்ரோலின் எர்த் முனையில் சோல்டர் விட்டுப்போனாலோ 20 மில்லிவோல்ட் திரும்பி வந்துவிடும். வால்யூமை முழுக்கக் குறைத்தும் நிலையம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்து, ஹம்மும் இருந்தால் கன்ட்ரோலின் எர்த் முனை அறுந்தது என்று பார்க்காமலே சொல்லலாம். ஷீல்டு வயரின் வெளிப்பின்னல் ஒரு பக்கம் விட்டுப்போவது, தலையில் கிரிட் தொப்பி உள்ள வால்வுக்கு உலோக மூடி காணாமல் போவது, பின்பக்கத்து கிராமஃபோன் சாக்கெட்டுக்குப் போகும் கம்பி திறந்து தொங்குவது எல்லாம் இதே குடும்பம்.

ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷன் வயதானால் கசியும். கேத்தோடு நேராக எர்த்தில் இருக்கும் வால்வில் கசிவு வந்தாலும் அது தானே அடங்கிவிடும். கேத்தோடு ரெசிஸ்டர் வைத்த வால்வில்தான் அது கேட்கும். சோதனை எளிது: கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டென்சரை மாட்டுங்கள். ஹம் பெருமளவு இறங்கினால் கசிவுதான். வால்வை மாற்றுவதே தீர்வு. ஆனால் முன்பே அங்கிருந்த பைபாஸ் கண்டென்சர் காய்ந்து, அதனால் சிறு கசிவும் கேட்கத் தொடங்கியிருக்கலாம். புதிய வால்வுக்குக் காசு கொடுக்கும் முன் அதை மாற்றிப் பாருங்கள்.

சீரியஸ் ஹீட்டர் செட்டில் வரிசை முக்கியம். ரெக்டிஃபையர் மெயின்ஸ் பக்கத்திலும், முதல் ஆடியோ வால்வு நெகட்டிவ் பக்கத்துக் கடைசியிலும் இருக்கும். அமெரிக்காவின் ஐந்து வால்வு ஏ.சி./டி.சி. செட்டுகளில் 12எஸ்க்யூ7 கடைசியில் நிற்பது அதனால்தான். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவில் மிகக் குறைந்த வோல்ட்டேஜ் கிடைப்பது அங்கே. யாராவது ஹீட்டர் வயரிங்கை மாற்றி இந்த வரிசையைக் கலைத்திருந்தால், வால்வை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை. இணை ஹீட்டர் செட்டில் ஒரு முனையைச் சேசிஸில் அடித்திருப்பார்கள். அந்த எர்த் விட்டுப்போனால் ஹீட்டர் லைன் முழுவதும் மிதந்து ஹம்மைத் தூவும். அதைச் சரிசெய்யும்போதே, எர்த்தை எடுத்துவிட்டு இரண்டு முனைகளிலிருந்தும் சேசிஸுக்கு ஆளுக்கொரு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் இரு பக்கமும் சமமாகி ஹம் இன்னும் குறையும். டயல் விளக்கின் ஹோல்டர் உடலே ஹீட்டர் எர்த்தாக இருக்கும் செட்டில் அதை முதலில் பிரிக்க மறந்தால், ஒரு ரெசிஸ்டர் ஷார்ட்டாகி நிற்கும், பலன் கிடைக்காது.

கப்ளிங் கண்டென்சரைச் சும்மா விடக் கூடாது. பழைய பேப்பர் கண்டென்சர் 20 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தால்கூட, 100 வோல்ட் ஆனோடிலிருந்து அவுட்புட் வால்வின் 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 2 வோல்ட்டுக்கு மேல் பாஸிட்டிவ் வந்து சேரும். வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், ரிப்பிள் கூடும், ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகும், ஒலியும் சிதையும். கண்டென்சரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டுக் கிரிட்டை அளந்து பாருங்கள். பாஸிட்டிவ் மறைந்தால் கண்டென்சர் குற்றவாளி, மறையாவிட்டால் வால்வுக்குள் வாயு.

காந்தப்புலத்தால் வரும் ஹம் அசல் செட்டில் அபூர்வம். யாராவது ட்ரான்ஸ்ஃபார்மரை மாற்றிய செட்டில் வரும். எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். ஸ்பீக்கரில் அப்போதும் மெல்லிய 50 ஹெர்ட்ஸ் கேட்டால், பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் புலம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் போகிறது. போல்ட்டைத் தளர்த்தி ஒன்றை மற்றதுக்குச் செங்குத்தாகத் திருப்பிக்கொண்டே கேட்டால், ஓர் இடத்தில் ஹம் ஒடுங்கும். அங்கேயே இறுக்கிவிட வேண்டும்.

நிலையத்தோடு வரும் ஹம்

நிலையம் பிடித்தால் மட்டும் உறுமி, டயலை நகர்த்தினால் ஓய்ந்துவிடும் ஹம்முக்கு ஆடியோ கட்டத்தில் எவ்வளவு தேடினாலும் விடை கிடைக்காது. வீட்டு வயரிங் ஒரு பெரிய ஏரியல். அது பிடிக்கும் ரேடியோ அலை மெயின்ஸ் கம்பி வழியாகவும் செட்டுக்குள் வருகிறது. ரெக்டிஃபையர் நொடிக்கு 100 முறை திறந்து மூடும்போது அந்தப் பாதையும் சேர்ந்து திறந்து மூடுகிறது. நிலையத்தின் அலையின் வலிமை 100 ஹெர்ட்ஸில் கூடிக் குறைகிறது; அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டருக்கு அது நிலையம் அனுப்பிய ஒலி போலவே தெரியும். இதைத் தடுக்க மெயின்ஸிலும் ரெக்டிஃபையரிலும் தயாரிப்பாளர்கள் சிறு கண்டென்சர்களை வைத்திருப்பார்கள். அவை வெடித்ததால் யாராவது வெட்டி எறிந்திருப்பார்கள்.

திரும்பப் போடும்போது பழைய மெழுகுக் கண்டென்சர் வேண்டவே வேண்டாம். மெயின்ஸின் இரு கம்பிகளுக்கு இடையே எக்ஸ்2 வகை, மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒய்2 வகை, அதுவும் 4.7 நானோஃபாரட்டுக்கு மிகாமல். சேசிஸுக்குப் போகும் இந்தக் கண்டென்சர் ஷார்ட்டானால் தொடுபவருக்கு உயிராபத்து. ஒய் வகை, ஷார்ட்டாகாதபடி சோதித்துச் செய்யப்படுவது. ரெக்டிஃபையரின் ஒவ்வொரு ஆனோடிலிருந்தும் சேசிஸுக்கு 4.7 நானோஃபாரட், 2,000 வோல்ட் செராமிக் கண்டென்சர் போட்டால் பெரும்பாலும் ஹம் ஒழியும். நல்ல வெளி ஏரியலும், ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டுக்கு நல்ல எர்த்தும் கொடுத்தால் மெயின்ஸ் வழி வரும் பங்கே சிறுத்துவிடும். இத்தனைக்கும் மசியாவிட்டால் மிக்ஸர் வால்விலோ ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) வால்விலோ ஹீட்டர் கசிவு இருக்கிறதா என்று வால்வை மாற்றிப் பார்க்க வேண்டும்.

சீறுவது போன்ற கூர்மையான 'ஸ்ஸ்ர்ர்' என்றால் செட்டைத் திறக்கும் முன் பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோ ஒன்றை அதே இடத்தில், அதே அலைவரிசையில் வைத்துக் கேளுங்கள். அதிலும் வந்தால் குற்றவாளி பக்கத்து எல்.இ.டி. விளக்கோ, கைபேசி சார்ஜரோ, லைட் டிம்மரோ.

எல்லாம் முடிந்த பிறகும், வால்யூமைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கர் துணியில் காது வைத்தால் மெல்லிய உறுமல் இருக்கத்தான் செய்யும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கேட்காவிட்டால் அது வடிவமைப்பின் மிச்சம். சிறிய ஸ்பீக்கரும் சிறிய பெட்டியும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகப் பாடாது என்று தெரிந்துதான் அவ்வளவு ரிப்பிளை விட்டுவைத்தார்கள். அதே செட்டில் தாழ்ந்த சுருதிகளை நன்றாகத் தரும் இன்றைய பெரிய ஸ்பீக்கரை மாட்டினால் எந்தப் பார்ட்டும் கெடாமலே ஹம் கேட்கத் தொடங்கும். அப்போது இரண்டாம் கண்டென்சரை இரண்டு மடங்காக்கினால் ஹெச்.டி. லைனின் மிச்ச ரிப்பிள் பாதியாகும்.